அந்தக் குழாயைத் திறந்து வைத்தது நான்தான்

கதிரேசா,

சுகமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். இப்போது இருக்கிற கோபத்தில் அதைக் கேட்டால் வாய் ஒன்று கேட்கும், மனசு வேறொன்று கேட்கும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். நேற்று முன்தினம் உன் அத்தை பாலவனத்தத்திலிருந்து பஸ் ஏறி வந்தாள். ஒரு கையில் ஆப்பிள், மறுகையில் சாத்துக்குடி, கண்ணில் தயாராகக் கொண்டுவந்த கண்ணீர். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கடைக்குப் போகச் சட்டை மாட்டிக்கொண்டிருந்த உன் அப்பாவின் முன்னால் போய் நின்று, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவரிடம் பேசுவதுபோலக் குரலை இழுத்து, "அண்ணே, என்னய யாருன்னு தெரியுதாண்ணே?" என்று கேட்டாள். உன் அப்பா அவளை மேலும் கீழும் பார்த்தார். "யாருன்னு தெரியல. ஆனா எங்க வீட்டுத் தோசைக்கல்லத் தூக்கிட்டுப் போயி இன்னமும் திருப்பிக் குடுக்காத ஒரு பொம்பள இருக்கா. அவ சாடை அடிக்குது" என்றார். நான் சிரித்துவிட்டேன். உன் அத்தை சிரிக்கவில்லை. என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போய், "மதினி, கதிரேசன் எல்லாத்தையும் போன்ல சொல்லிட்டான். அண்ணனுக்கு மறதி வந்துருச்சாமே. வெளிநாட்டுல வச்சு மானம் போச்சாமே. எங்ககிட்ட ஏன் மறச்சீக?" என்று மூக்கைச் சிந்தினாள்.

அன்று மதியமே உனக்குப் போன் போட்டேன். நீ பெங்களூர் ஆபீசில் ஏதோ கூட்டத்துக்கு நடுவில் வெளியே வந்து பேசினாய். கோயம்புத்தூர் பக்கம் வயதானவர்களுக்கான ஒரு விடுதியில் எங்கள் இரண்டு பேருக்கும் இடம் பிடித்து வைத்திருப்பதாகச் சொன்னாய். டாக்டர் உள்ளேயே இருக்கிறாராம், இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீர் வருமாம், நடப்பதற்குப் பூங்கா இருக்கிறதாம். "சரஸ்வதி பூசை லீவுக்குக் காரோட வாரேன்மா. ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயிருவோம். கடைய யாருக்காச்சும் கை மாத்தி விட்டுறலாம். அப்பாகிட்ட இப்பச் சொல்லாதீங்க, டென்ஷன் ஆயிருவாரு" என்றாய். உன் அப்பாவின் மோட்டார் வைண்டிங் கடையை, அவர் இன்றைக்கும் காலையில் போய்த் திறந்து பூட்டுகிற கடையை, அவருக்கே தெரியாமல் கை மாற்றி விடலாம் என்று என்னிடம் சொல்கிறாய். அதற்கு நான் உடந்தையாக இருக்க வேண்டுமாம். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள்? நீ சொந்தக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போன் போட்டுச் சொன்னாய். நான் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் ஒன்றாகப் படிக்கும்படி இதை எழுதிப் போடுகிறேன். பெரிய எழுத்தாக வைத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

உன் அப்பாவுக்கு எழுபது முடிந்தபோது, கோயிலில் ஒரு பூசை, நாலு பேருக்குச் சாப்பாடு, அது போதும் என்றோம். நீதான் கேட்கவில்லை. "ஊருக்குச் சோறு போட்டு என்ன ஆகப்போகுது, ஒரு தடவ ஐரோப்பா பாத்துட்டு வாங்க" என்றாய். இத்தாலி, பிரான்ஸ், ஸ்பெயின் என்று மூன்று நாட்டுக் கடற்கரை ஊர்களைப் பஸ்ஸிலேயே சுற்றிக் காட்டுகிற டூர், கூட வருபவர்கள் எல்லாம் தமிழ் ஆட்கள், ரசம் சோறு கிடைக்கும் என்று ஆசை காட்டினாய். நன்றாகத்தான் இருந்தது, இல்லை என்று சொன்னால் வாய் அழுகிப் போகும். மலையைக் குடைந்து ரோடு போட்டிருக்கிறார்கள். ஒரு குகைக்குள் நுழைந்து வெளியே வந்தால் கீழே கடல், மறுபடி குகை, மறுபடி கடல். சரிவெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக வீடுகள். பந்தல்குடி ரோட்டில் சீமைக்கருவேலையையே பார்த்துப் பழகின கண்ணுக்கு அது விருந்துதான். ஆனால் அந்த விருந்தைக் கண்ணாடிக்கு வெளியிலேயே வைத்துவிட்டார்கள். பெயர் கடற்கரை டூர், கடலில் காலை நனைக்க நேரம் கிடையாது. டூர் மேனேஜர் தினகர் ஒரு சின்னக் கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடுவான், நாங்கள் பின்னால் ஓடுவோம். "போட்டோ ஸ்டாப்" என்று மைக்கில் கத்துவான். இறங்கி மூச்சு வாங்குவதற்குள் "எல்லாரும் ஏறுங்க" என்று கத்துவான். இன்று முன்சீட்டில் உட்கார்ந்தவர் நாளைக்குப் பின்சீட்டுக்குப் போக வேண்டும் என்பது அந்தப் பஸ்ஸின் சட்டம். கூட வந்த ஒரு அம்மா முழங்கால் வலி என்று சொல்லி முன்சீட்டை விடவே இல்லை. கடைத்தெருவைக் கண்டால் மட்டும் அந்த முழங்கால் எங்களையெல்லாம் முந்திக்கொண்டு ஓடியது.

இனி அந்தத் தண்ணீர் விவகாரம். ஜெனோவாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் ராத்தங்கல். ஹோட்டலுக்குப் போகிற வழியில் தினகர் மைக்கைப் பிடித்து, "அங்கிள், ஆன்ட்டி, இந்த வருஷம் இங்க மழையே இல்ல. தண்ணி ரொம்பக் கம்மி. பாத்து யூஸ் பண்ணுங்க" என்றான். மெட்ராஸ்காரர்கள் சரி சரி என்று தலையாட்டினார்கள். கொஞ்சமாகக் குளித்துவிட்டுப் படுத்திருப்பார்கள். நான் அருப்புக்கோட்டைக்காரி, எப்போதாவது ஒரு நாள்தான் குழாய் வருகிற ஊர். தண்ணீர்த் தட்டுப்பாடு என்று ஒருவன் வாயால் சொன்ன பிறகும், குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போது பிடித்து வைக்காதவள் என்ன குடும்பம் நடத்துவாள்? அறைக்குள் போனதும் முதலில் எங்கள் பாட்டில்களை நிரப்பினேன். வெந்நீர் வைக்கிற கெட்டிலை நிரப்பினேன். பல் விளக்க வைத்திருந்த கண்ணாடித் தம்ளர்களை நிரப்பினேன். அப்புறம் அந்தக் குளியல் தொட்டி. நம் வீட்டுச் சிமெண்டுத் தொட்டியைக் கழுவுவதுபோலக் கழுவி, அடியில் அடைப்பானைப் போட்டுக் குழாயைத் திறந்தேன். தொட்டியின் மேல்விளிம்புக்குக் கீழே ஒரு ஓட்டை இருந்தது. பிடிக்கிற தண்ணீர் இது வழியாக வீணாகப் போகுமே, எந்தப் பொறுப்பில்லாதவன் இப்படி ஒரு ஓட்டையைப் போட்டான் என்று திட்டிக்கொண்டே கைத்துண்டைச் சுருட்டி அதில் திணித்தேன். கீழே சாப்பிடக் கூப்பிட்டார்கள். உன் அப்பா அப்போது அறையில்கூட இல்லை, தாழ்வாரத்தில் நின்று கோயம்புத்தூர்க்காரர் ஒருவரிடம் பம்புசெட்டு பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வீட்டில் எப்படி வைப்பேனோ அப்படியே குழாயைச் சன்னமாக வைத்துவிட்டு, சாப்பிட்டு வருவதற்குள் நிறைந்துவிடும் என்று கீழே போனேன். அந்த ஊர்க் குழாய்க்குச் சன்னம் என்றால் என்னவென்று தெரியவில்லை.

நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே கீழ்மாடி அறையின் கூரை ஒழுக ஆரம்பித்துவிட்டது. மேலே ஓடினால் தாழ்வாரத்துக் கம்பளம் குளம்போல நிற்கிறது. ஹோட்டல்காரி அவள் பாஷையில் கத்துகிறாள். நம் ஆட்கள் எல்லோரும் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். "யாரு டேப்பத் தெறந்து வச்சது?" என்று எங்கள் குளியலறைக்குள் புகுந்து குழாயை மூடிய தினகர் கேட்டான். நான் அந்தத் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். உன் அப்பா என் முகத்தைப் பார்த்தார். அந்த ஓட்டையில் இருந்த துண்டைப் பார்த்தார். ஒரு நொடியில் எல்லாம் புரிந்துபோய், "நான்தான் தம்பி. தெறந்து வச்சேன், அப்பிடியே மறந்துட்டேன்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. நான் செய்த தப்பு அந்த இடத்தில்தான். தண்ணீர் பிடித்ததைத் தப்பு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர் பழியை ஏற்றுக்கொண்டபோது சும்மா நின்றேனே, அதுதான் தப்பு. பிறகு அறையில் தனியாக இருக்கும்போது, "ஏங்க அப்பிடிச் சொன்னீக?" என்று கேட்டேன். "ஒனக்கு மூஞ்சி செத்துப்போச்சு. எனக்கென்ன, கெழவன் மறந்துட்டான்னா யாரும் பெருசா எடுத்துக்க மாட்டாக" என்றார். பாவம், பெற்ற பிள்ளையே பெரிதாக எடுத்துக்கொள்வான் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

மறுநாளிலிருந்து தினகர் அவரைச் சின்னப் பிள்ளைபோல நடத்த ஆரம்பித்தான். ரோட்டைக் கடக்கும்போது கையைப் பிடித்தான். ஹோட்டல் பெயரும் போன் நம்பரும் எழுதின ஒரு அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டான். பஸ்ஸில் வேறு யாருக்கும் அந்த அட்டை கிடையாது. உன் அப்பா அதைச் சட்டைக்குள் தள்ளிவிட்டுக்கொண்டார். பிரான்சில் நீஸ் என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள் ஆடி அமாவாசை. ஒவ்வொரு வருஷமும் ராமேஸ்வரம் போய்த் தன் அப்பனுக்கும் ஆத்தாளுக்கும் எள்ளும் தண்ணீரும் இறைக்கிற மனுஷன். நீயும் சின்னதில் எத்தனை தடவை கூடப் போயிருக்கிறாய். இந்தத் தடவை தப்பிப் போகக்கூடாது என்று ஊரிலிருந்தே ஒரு பொட்டலம் எள்ளு எடுத்து வந்திருந்தார். நாள் கிழமை எதையும் மறக்கவில்லை, கவனித்துக்கொள். முந்தின நாளே தினகரிடம், கடலுக்குள் இறங்கக் கொஞ்ச நேரம் வேண்டும் என்று கேட்டார். "அங்கிள், அங்க போட்டோ ஸ்டாப் மட்டும்தான்" என்று அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். அதனால் காலையில் பஸ் நின்று எல்லோரும் செல்பி எடுக்கத் தொடங்கியதும் நாங்கள் இரண்டு பேரும் படிக்கட்டில் இறங்கினோம். மணலே இல்லை, உருண்டைக் கற்கள்தான். நான் அவர் செருப்பை வாங்கிக்கொண்டேன். பேன்ட்டை முழங்கால் வரைக்கும் மடித்துவிட்டுத் தண்ணீரில் நின்று, "இங்க கடலு தெக்கப் பாத்து இருக்கு பாத்தியா. ராமேஸ்வரத்துல கெழக்க பாத்து இருக்கும், ஊத்துறதுக்குத் தெக்க திரும்பணும். இங்க திரும்பவே வேண்டாம், நேரா நின்னு ஊத்திறலாம்" என்றார். இது மறதி பிடித்தவர் பேசுகிற பேச்சா?

கையில் எள்ளை வைத்துத் தண்ணீரை அள்ளி உன் தாத்தா பெயரைச் சொல்லி ஊற்றினார். அடுத்த கை அள்ளுவதற்குள் தினகர், "அங்கிள்! அங்கிள்!" என்று அலறிக்கொண்டு கற்களின் மேல் ஓடி வந்து அவரை அக்குளில் பிடித்துத் தூக்கினான். சுற்றிலும் வெயில் காய்ந்துகொண்டிருந்த வெள்ளைக்காரர்கள் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள். உன் அப்பா கையை உதறவில்லை, சத்தம் போடவில்லை. உள்ளங்கையில் எள்ளு சிந்திவிடாமல் மூடிக்கொண்டு, "தம்பி, ஒரு நிமிசம் விடுங்க. எங்க ஆத்தாளுக்கு இன்னும் ஊத்தல" என்றார். அந்த ஆளுக்கு அப்போதுதான் உறைத்தது. விட்டுவிட்டுத் தள்ளி நின்றான், தலையைக்கூடக் குனிந்துகொண்டான். ஆனால் அன்று சாயங்காலம் உனக்கு அவன் அனுப்பிய செய்தியில் ஆத்தாளும் இல்லை, அமாவாசையும் இல்லை. அங்கிள் சொல்லாமல் கொள்ளாமல் கடலில் இறங்கிவிட்டார் என்றுதான் இருந்தது.

அது எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? பார்சிலோனாவில் விமானம் ஏறும் முன் அவனே சொன்னான். "ஆன்ட்டி, கவலப்படாதீங்க. கெளம்புறதுக்கு முன்னாடியே உங்க மகன் சொல்லிட்டாரு, அப்பா எப்பிடி இருக்காருன்னு பாத்து டெய்லி சொல்லுங்கன்னு. நானும் ஒண்ணுவிடாம அனுப்பிட்டேன்" என்று போனில் அந்தச் செய்திகளையும் காட்டி என் தலையில் இடியை இறக்கினான். ஆசையாக அனுப்பி வைத்தாய் என்று நினைத்தோமே. பரீட்சைக்கு அல்லவா அனுப்பி வைத்திருக்கிறாய்! பரீட்சை என்று எங்களுக்குச் சொல்லவும் இல்லை. தினமும் எங்களுக்கும் போன் போட்டாய். சாப்பாடு எப்படி, போட்டோ எடுத்தீங்களா, குளிருதா என்று கேட்டாய். ஒரு நாளாவது, "அப்பா, கடல்ல எதுக்கு எறங்குனீங்க?" என்று கேட்டாயா? கேட்டிருந்தால் ஒரு வரியில் சொல்லியிருப்பார். "அந்தக் குழாய யாரு தெறந்தது?" என்று கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று பள்ளிக்கூடத்தில் உனக்கும்தானே சொல்லிக் கொடுத்தார்கள்?

தினகரைக்கூட மன்னித்துவிடுவேன். அவன் தண்ணீர் தடையில்லாமல் வருகிற ஊரில் வளர்ந்தவனாக இருப்பான். உன்னைத்தான் மன்னிக்க முடியவில்லை. நீ யார் வீட்டுப் பிள்ளை? பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையன்று காலையில் தெருவில் "தண்ணி வந்துருச்சு" என்று சத்தம் கேட்டதும், நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லப் புத்தகத்தைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் நீ. நனைந்த பேன்ட்டோடு உன் அப்பா வண்டியின் பின்னால் உட்கார்ந்து பரீட்சைக்குப் போனாய். சாயங்காலம் வந்ததும் முதல் கேள்வியாக, "அம்மா, டிரம்ம மூடி வச்சியா?" என்று கேட்டாய். இன்றைக்கும் பெங்களூர் வீட்டுப் பால்கனியில் ஒரு நீல டிரம்மை நிறைத்து வைத்திருக்கிறாய் என்று மருமகள் சொல்லிச் சிரிக்கிறாள். அங்கே தண்ணீர் லாரி வராத வாரத்தில் உன் அடுக்குமாடிக்காரர்கள் எல்லோரும் உன் வீட்டு வாசலில் நின்றார்களாமே. அந்த டிரம்மைப் பார்த்து யாராவது உன்னை விடுதியில் சேர்க்க ஆள் அனுப்பினார்களா? தண்ணீரைப் பிடித்து வைக்கிறவர்களுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றால், இந்தச் சீமையில் ஒருத்தர் மிஞ்ச மாட்டோம். பரளச்சி முதல் திருச்சுழி வரைக்கும் எல்லோருக்கும் நீ ஒரு விடுதி கட்ட வேண்டியிருக்கும்.

உன் பயமும் எனக்குத் தெரியாமல் இல்லை. உன்னோடு வேலை பார்க்கிறவரின் அப்பா காலையில் பால் வாங்கப் போனவர் வீட்டுக்கு வழி தெரியாமல் அலைந்து, எங்கேயோ ஒரு பஸ் நிலையத்தில் கிடந்ததாகவும், அவரைத் தேடி நீயும் அலைந்ததாகவும் ஒரு தடவை சொன்னாய். அன்றைக்கு உன் குரலே சரியில்லை. பயப்படுவது தப்பில்லை, ராசா. பயந்தவன் எங்களிடம் வந்து, "எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்லியிருக்க வேண்டும். எங்களை விட்டுவிட்டு ஊருக்கெல்லாம் சொன்னாயே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. உனக்கும் வயதாகும். உன் மகள் ஒரு நாள் உன்னைப் பற்றிப் பக்கத்து அறையில் மெதுவாகப் பேசுவாள், நீ உள்ளே போனதும் பேச்சை நிறுத்துவாள். அன்றைக்கு உனக்கு எப்படி இருக்குமோ அப்படித்தான் உன் அத்தை ஆப்பிளோடு வந்த அன்று இந்த வீட்டில் இருந்தது. அவள் போன பிறகு உன் அப்பா கடைக்குப் போகவில்லை. சட்டையைக் கழற்றாமல் மின்விசிறிக்குக் கீழே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. அப்பாவிடம் சொல்லாதே என்றாய், இன்று காலையில் சொல்லிவிட்டேன். விடுதி, கடை, கார் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, இதுவரை எழுதினதையும் படித்துக் காட்டினேன். கடைசி வரைக்கும் கேட்டார். "ரொம்ப ஒறைப்பா இருக்கு. கொஞ்சம் தண்ணி ஊத்து. புள்ள பயந்துபோயிருக்கான்" என்றார். இப்போதும் உனக்குத்தான் பரிந்து பேசுகிறார், பார்த்துக்கொள். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே, "நாளைக்கு நெசமாவே மறந்துபோச்சுன்னா?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அவர் இந்தக் குரலில் என்னிடம் எதையும் கேட்டதில்லை. "மறந்தா நான் யாருன்னு தெனமும் சொல்றேன். எனக்கு வேற என்ன சோலி?" என்றேன். சிரித்தார். எழுந்து கடைக்குப் போனார். அதற்குப் பிறகு எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அதையும் எழுதிவிடுகிறேன், மறைக்க என்ன இருக்கிறது.

ஆகவே கேட்டுக்கொள். அந்த விடுதிக்காரர்களுக்கு இன்றைக்கே போன் போட்டு, வரவில்லை என்று சொல்லிவிடு. அப்பாவை ஒரு டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று உனக்குத் தோன்றினால், அவரிடமே கேள். மதுரைக்குக் கூட்டிப் போ, வருவார், நானும் வருகிறேன். நிஜமாகவே ஒரு நாள் முடியாமல் போனால், எங்கே போவது, யாரோடு இருப்பது என்று அவரும் நானும் உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு முடிவு செய்வோம். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் ஒரு வார்த்தை. பழம் வாங்கிக்கொண்டு யாரும் இந்தப் பக்கம் வர வேண்டாம். பாலவனத்தம் மதினி மட்டும் வரட்டும், தோசைக்கல்லோடு.

சரஸ்வதி பூசை லீவுக்கு நீ வா, கதிரேசா. உன் காரின் பின்சீட்டு காலியாகவே திரும்பிப் போகும், அது உனக்கு இப்போதே தெரிந்திருக்கட்டும். கொஞ்ச நாள் தங்குகிற மாதிரி வா. எப்படியும் ஒரு காலையில் குழாய் வரும், உன் அப்பா வாசலில் நின்று சத்தம் கொடுப்பார். எங்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கிற காலம் உனக்குப் பின்னால் வரத்தான் போகிறது. அதற்கு நீ ராமேஸ்வரம் போனாலும் சரி, நீஸுக்கே போனாலும் சரி, பார்க்க நாங்கள் இருக்க மாட்டோம். இப்போது இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம். வந்து ஒரு குடம் தண்ணீர் பிடித்துக் கொடு.

உன் அம்மா